மரையும் இரலையும்: கீழ்கரையார் கண்டதும் கேட்டதும்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய கீழ்கரையூர்களிற் பழைய போடியார் வீடுகளுட் சில இன்னும் இடிபடாது நிற்கின்றன. அவ்வீடுகளின் முன்விறாந்தைச் சுவரில் இருவகைக் கொம்புகள் அறையப்பட்டிருத்தலைக் காணலாம். ஒன்று கிளைவிட்ட கொம்பு. தொப்பியும் குடையும் மாட்டுதற்கு உதவுவது. மற்றது பிறைபோல் வளைந்து கறுத்த கொம்பு. முன்னையது மரையினுடையது, பின்னையது எருமையினுடையது. விரலை மடக்கி இரண்டையுந் தட்டிப் பார்ப்பவர்க்கு ஓர் உண்மை புலனாகும். எருமைக்கொம்பு உள்வெளியாக ஒலிக்கும். மரைக்கொம்போ கல்லைத் தட்டினாற்போலக் கனத்து ஒலிக்கும். விலங்குநூலார் பல பக்கங்களில் விளக்குவதை இந்த ஒலி ஒன்றே விளக்கிவிடுகின்றது.

எருமை, பசு, ஆடு, இரலை ஆகியவற்றின் கொம்பு, நெற்றியெலும்பின் நீட்சியொன்றை நகம்போன்ற பொருள் உறையாக மூடியிருப்பதாகும். அது விலங்கின் வாழ்நாள் முழுவதும் வளருமேயன்றி உதிராது. மான், மரை முதலியவற்றின் கொம்போ முழுவதும் எலும்பு. அது மென்மயிர் போர்த்த தோலினுள்ளே குருதி பாய்ந்து வளர்ந்து, முற்றியபின் தோல் உரிந்து, காலம் வந்ததும் அடியோடு கழன்று விழும். பின்னர்ப் புதிது முளைக்கும். இம்மானினத்துள் ஆணுக்கே கொம்புண்டு. கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் இற்றைக்கு இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, கொம்புடைய விலங்குகளுள் மான் ஒன்றே ஆண்டுதோறும் கொம்புதிர்ப்பதென்றும், அதன் கொம்பு மட்டுமே உட்டுளையற்றதென்றும் எழுதிவைத்தார். தட்டிப் பார்த்தே எழுதினார் போலும்.

தமிழிற் கொம்பு என்னுஞ் சொல் விலங்கின் கொம்பையும் மரத்தின் கிளையையும் ஒருங்கே குறிக்கின்றது. கோடு என்பதும் அவ்வாறே. அது மலைமுடிக்கும் யானைத் தந்தத்திற்கும் சங்கிற்கும் பெயராயிற்று. மருப்பு என்பது யாழின் வளைந்த தண்டுக்கும் ஆயிற்று. கல்முனைக்குத் தெற்கே காரைதீவிற் 1892இற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947இல் யாழ்நூலை வெளியிட்டார். அந்நூலைக் கற்போர் யாழின் உறுப்புகளுள்ளே மருப்பென ஒன்று வருதலை அறிவர். மட்டக்களப்புப் பகுதிக் கண்ணகியம்மன் வழிபாட்டில், வடசேரியார் தென்சேரியார் என இரு கட்சியாகப் பிரிந்து, வளைந்த மரக்கொம்புகள் இரண்டைக் கொளுவி இழுத்து முறிக்கும் கொம்புமுறி விளையாட்டு நிகழ்ந்துவந்தது. பத்தினித் தெய்வத்தை வணங்குஞ் சிங்களவரும் இதனையே 'அங் கெளிய' என ஆடினர். 'அங்' என்பது அவர்கள் மொழியில் விலங்கின் கொம்பு. அவர்கள் மரைக்கொம்பையும் கொளுவினர். மரத்தின் வேர்க்கொம்பையும் கொளுவினர். மரத்திற்கும் விலங்கிற்கும் ஒரே சொல்லை வழங்கிய நம்மவர் மரக்கொம்போடு அமைந்தனர். இழுத்து முறிக்கத்தக்க வலிமையுடையது விலங்கின் கொம்புகளுள் மரையின் கொம்பு ஒன்றே என்பது இவ்விடத்து நினைக்கத்தகும். உட்டுளையுள்ள எருமைக்கொம்பு இதற்கு உதவாது.

கீழ்கரை மக்கள் கொம்புடை விலங்குகளை அறிந்த வழிகள் மூன்று. பட்டியால் அறிந்தவை சில. காட்டால் அறிந்தவை சில. ஏட்டால் மாத்திரம் அறிந்தவை சில. இம்மூன்றும் ஒன்றோடொன்று கலந்த விடத்துப் பெயர்கள் மாறாட்டங் கொண்டன. அம்மாறாட்டத்தைக் கூடியவரை தெளிதலே இக்கட்டுரையின் நோக்கம்.

பட்டியை முதலிற் கொள்வோம். போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளினின்றும் வெளியேற்றிய முஸ்லிம்களுள் ஏறக்குறைய நாலாயிரவரைக் கண்டி மன்னன் செனரத் 1626இல் மட்டக்களப்பு நாட்டிற் குடியேற்றினான். அதற்கு முன்னரும் அங்கு முஸ்லிம்கள் இருந்தனர் என்ப. கடலும் வணிகமும் பழகிய அம்மக்கள், தமிழ்ப் போடிமாரைப் போலவே வயலும் மாடும் உடையவராயினர். கரையோர மணற்றிடலில் ஊர். அதன் மேற்கே வட்டை எனப்படும் நெல்வெளி. அதற்கப்பால் மேய்ச்சல் தரையும் காடும் என்பதே இந்நாட்டின் அமைப்பு. மருதமுனை தொடங்கி அக்கரைப்பற்று வரையும் தமிழூரும் முஸ்லிமூரும் ஒன்றுவிட்டொன்றாகக் கோத்த மாலைபோலக் கிடப்பன. இரு சாராரின் மாடுகளும் ஒரே தரையில் மேய்ந்தன. அவற்றைப் பிரித்தறியச் சுடப்பட்ட குறிகள் வேறாயினும், மாட்டைப் பற்றிய சொற்கள் இரு சாரார்க்கும் ஒன்றே.

உழவு இயந்திரம் வருமுன்னர் வேளாண்மையின் தொடக்கமும் முடிவும் எருமையின் காலிலேயே இருந்தன. மழை விழுந்தபின் எருமைகளைக் கூட்டமாக வயலில் இறக்கி மிதிக்கவிட்டுச் சேறாக்குவர். அறுவடைக்குப்பின் சூட்டைக் கலைத்துக் களத்திற் பரப்பி, அதன்மேல் எருமைகளையும் மாடுகளையும் இரவிரவாகச் சுற்றிவரச் செய்வர். களத்திலே பொலிப்பாட்டு ஒலிக்கும். பயிர்க்காலத்தில் அவ்வெருமைகள் காட்டோரத்துத் தொலைவான பட்டிகளுக்குச் சென்றுவிடும்; அறுவடையானதும் திரும்பும். எனவே எருமை ஆண்டிற் பாதி ஊர்விலங்கு, பாதி காட்டுவிலங்கு. பட்டிகாப்போன் ஒருவன் ஒரு கூட்டத்துள் ஒவ்வொன்றையும் கொம்பின் வளைவு கொண்டே பெயர்கூறி அறிவான். விரிந்த கொம்பு, பின்சாய்ந்த கொம்பு, ஒன்று தாழ்ந்து ஒன்று உயர்ந்த கொம்பு எனக் கொம்பே அவனுக்கு முகம்.

இவ்வெருமையைப் பற்றி ஒரு புதுமை உண்டு. ஆசியாவின் எருமைகளை ஆற்றெருமை, சேற்றெருமை என இருபாற்படுத்துவர். ஆற்றெருமையின் உயிரணுவிலுள்ள நிறமூர்த்தங்கள் 50, சேற்றெருமையினவை 48. இலங்கை எருமை சேற்றிற் புரண்டு வாழுந் தன்மையினாலும் கொம்பினாலும் சேற்றெருமையையே ஒத்தது. ஆயினும் ஆராய்ந்தோர் அதற்கு 50 நிறமூர்த்தங்கள் இருத்தலைக் கண்டனர். தோற்றம் ஒன்று, குலம் வேறொன்று. காட்டெருமையின் நிலை இதனினும் சிக்கலானது. இலங்கைக் காட்டெருமைக்குப் பி. ஈ. பி. தெரணியகல 1953இல் தனிக் கிளையினப் பெயர் சூட்டினார். ஆனால் காட்டுக்கடா பட்டியெருமையோடு கூடுதலும், பட்டியெருமை காட்டிற் புகுந்து மீளாமையும் காலந்தோறும் நிகழ்வன. ஆகவே காட்டிலுள்ள எருமைகளுள் எது ஆதிக்குலம், எது ஓடிப்போன பட்டியின் வழித்தோன்றல் என்பதை அறிஞர் இன்றுவரை ஒருமுகமாகத் துணிந்திலர். பட்டிக்காரர் இவ்வினாவைக் கேட்டால் நகைப்பர். அவர்க்குக் குறியுள்ளது பட்டிமாடு, குறியில்லாதது காட்டுமாடு.

இக்கூட்டங்களுக்கு நேர்ந்த பேரிடர் ஒன்றை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். இலங்கையில் 1940களோடு ஒழிந்ததெனக் கருதப்பட்ட மாட்டுக் கொள்ளைநோய் 1987இல் வடகிழக்கில் மீண்டுந் தோன்றியது. இந்தியாவிலிருந்து படையினரின் உணவுக்காகக் கொணரப்பட்ட ஆடுகளோடு அது வந்ததாகக் கருதுகின்றனர். பிளவுபட்ட குளம்புடைய விலங்கு யாவற்றையும் பற்றத்தக்க அந்நோய், போர்க்காலத்தில் மருத்துவர் செல்லவியலாத பட்டிகளிற் பரவியது. 1994இற்குப் பின்னரே அற்றது. உலகம் முழுவதும் அந்நோய் ஒழிந்ததென 2011இல் அறிவிக்கப்பட்டது. மாந்தரை வருத்திய பெரியம்மைக்கு அடுத்து முற்றாக ஒழிக்கப்பட்ட நோய் இதுவே. அந்நோயின் கடைசிப் புகலிடங்களுள் நம் கீழ்மாகாணமும் ஒன்றாயிற்று என்பது பெருமைக்குரியதன்று, ஆயினும் மறக்கற்பாலதுமன்று.

இனிக் காடு. கரையிலிருந்து ஊவாவுக்கும் கண்டிக்கும் உப்பும் கருவாடும் ஏற்றிச்சென்று, பாக்கும் பிற மலைநாட்டுப் பண்டங்களும் கொண்டு மீண்டவை தவளமாடுகள். முதுகிற் பொதிசுமந்து நிரையாகச் செல்லும் அம்மாடுகளை நடத்தியவருட் பெரும்பாலோர் முஸ்லிம்கள். கண்டி அரசில் மாட்டுப்பொதிப் போக்குவரவுக்கெனவே 'மடிகே' என்னும் ஒரு திணைக்களம் இருந்தது. அதிலும் முஸ்லிம்களே மிகுதியாகப் பணிபுரிந்தனர். பிந்தனைக் காடுகளினூடே நாட்கணக்காக நடந்த இத்தவளக்காரர், வேடரைக் கண்டு பண்டமாற்றுச் செய்தனர்; மானையும் மரையையும் நீர்நிலைகளில் நாடோறுங் கண்டனர். கீழ்கரை முஸ்லிம்களின் காட்டறிவு வேட்டையால் மட்டும் வந்ததன்று, வழிநடையாலும் வந்தது என்பது எம் கருத்து.

1660இல் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரத்திற் சிறைப்பட்டுப் பத்தொன்பதாண்டு கண்டி அரசில் வாழ்ந்து தப்பிய ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் இத்தீவின் விலங்குகளைக் கண்டவாறே எழுதினார். வேடர் இறைச்சியைத் தேனிலிட்டு மரப்பொந்திற் காக்கும் வழக்கத்தை உரைத்தவர் அவர். அவர் கூறிய ஒரு செய்தி விலங்குநூலாரை இன்றும் ஈர்ப்பது. மன்னனின் விலங்குகளிடையே 'கவர' என்னும் ஒன்றைத் தாம் கண்டதாகவும், அது காளையை ஒத்து முதுகு கூர்ந்து எழுந்து, நான்கு கால்களும் பாதிவரை வெளுத்திருந்ததாகவும் அவர் எழுதினார். அவ்வடையாளங்கள் பழந்தமிழ் நூல்கள் ஆமா எனக் கூறும் காட்டாவிற்கு இம்மியும் பிசகாது பொருந்துவன. இலங்கையில் அவ்விலங்கு இன்றில்லை. இரத்தினபுரி மணற்படைகளில் அதன் எலும்புகள் மாத்திரம் கிடைத்துள்ளன. நொக்ஸ் கண்டது இந்நாட்டின் கடைசி ஆமாக்களுள் ஒன்றோ, வெளிநாட்டிலிருந்து மன்னனுக்கு வந்த கையுறையோ என்பது வழக்கிலுள்ள வினா.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வந்த சேர் சாமுவேல் பேக்கர் முதலிய ஆங்கில வேட்டையாளர் மரைக்கு 'எல்க்' என்று பெயரிட்டனர். எல்க் என்பது ஐரோப்பாவின் வடகோடியில் வாழும் வேறொரு பெருமான். தம் நாட்டிற் பெரிதாக இருந்ததன் பெயரை இங்குப் பெரிதாக இருந்ததற்குச் சூட்டிவிட்டனர். பேக்கரே அப்பெயர் பிழையென அறிந்தும் அதனையே வழங்கினார். பெயர் பிழையாயினும் துப்பாக்கி பிழைக்கவில்லை. தோலும் கொம்பும் பெருவணிகமாயின. மரைக்கொம்பு ஆங்கில நாட்டுக் கத்திப்பிடிகளுக்கு விரும்பப்பட்டது. விலங்குகள் குறைதலைக் கண்ட அரசாங்கம் 1872இல் எல்க், மான், எருமை முதலியவற்றை வகைதொகையின்றிக் கொல்வதைத் தடுக்கச் சட்டமியற்றியது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதன் வழிவந்தது. அதுவே 2009இல் திருத்தப்பட்டதுடன் இன்றும் நடைமுறையிலுள்ளது. ஆயினும் சட்டம் செய்ததினும் பெரிய மாற்றத்தை அணை செய்தது. 1949இற் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. இங்கினியாகலையிற் கட்டிய அணையால் சேனநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. அதன் நீரிற் காடும் மேய்ச்சல் தரையும் வேடர் வாழ்விடங்களும் அமிழ்ந்தன. நீரைச் சூழ்ந்த காடு 1954இற் கல்லோயா தேசிய வனமாயிற்று. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி அம்பாறை மாவட்டம் எனப் பிரிக்கப்பட்டது. பழைய தவளவழிகளுட் பல குடியேற்றங்களாயின, பட்டிகள் ஒதுங்கின. மேய்ச்சல் தரைக்கும் வேளாண்மைக் காணிக்குமிடையிலான வழக்குகள் வட்டமடு முதலிய இடங்களில் நெடுங்காலமாகத் தொடர்வதன் வேர் இங்கேயே உள்ளது.

மூன்றாவது வழியாகிய ஏட்டுக்கு வருவோம். இரலை எனத் தமிழிலும், மறிமான் என இக்கால நூல்களிலும் கூறப்படும் உதிராக்கொம்பு மானினங்களுள் ஒன்றேனும் இன்றைய இலங்கைக் காட்டில் இல்லை. இந்தியாவில் முறுக்குக்கொம்புக் கருமான், சிங்காரம் என்னும் சிறுமான், நாற்கொம்பு மான், நீலகாய் எனப் பல உள. இங்கோ புள்ளிமான், மரை, சிறுகொம்புடைய குரைக்கும் மான், தென்மேற்கிலே பன்றிமான், கொம்பே இல்லாத சருகுமான் என்பனவே உள. கொம்புள்ளவை யாவும் கொம்புதிர்ப்பவை. பனியூழிக் காலத்திற் கடல் நூறு மீற்றருக்கு மேல் தாழ்ந்து இந்தியாவும் இலங்கையும் ஒரே நிலமாக இருந்தபோது புலியும் காண்டாமிருகமும் வந்தமைக்கு எலும்புச் சான்றுண்டு. இரலை இன்று இக்கரையில் இல்லை. எதிர்க்கரையிலோ, காங்கேசன்துறையிலிருந்து அறுபது கிலோமீற்றரும் வாராத தொலைவில், கோடிக்கரையில் அது கூட்டமாக மேய்கின்றது. அங்கே 1967இல் அதற்கெனவே ஒரு சரணாலயம் அமைத்தனர். இக்கரையிலிருந்து கோடிக்கரை சென்ற வணிகர் இரலையைக் கண்ணாற் கண்டனர். கீழ்கரையார்க்கோ அது ஏட்டிலும் சிலையிலுமே வாழ்ந்தது.

சிவபெருமான் இடக்கையில் ஏந்திய மானை நோக்குக. சோழர்காலச் செப்புத் திருமேனிகளில் அது பின்கால்களை ஊன்றித் துள்ளும் சிறு விலங்கு. கொம்பு காட்டப்பட்ட சிலைகளில் அது கிளையின்றி எழுவது. புள்ளிமானின் கவர்கொம்பு அன்று. உபநயனத்திலும் தவத்திலும் கூறப்படும் கிருட்டிணாசினம் என்பதும் கருமானின் தோலே. இலங்கைக் கோயிற் சிற்பிகளுட் பலர், தாம் கண்ட விலங்கையே செய்தனராதலின், அக்கையில் புள்ளிமான் கன்றும் வந்தமர்ந்தது. அதனைப் பிழையென்று யாம் கூறேம். கண்டதைச் செதுக்குவதும் ஒரு நேர்மையே.

முஸ்லிம் ஊர்களில் இந்நிலை இன்னுஞ் சுவையுடையது. உமறுப்புலவர் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி இயற்றிய சீறாப்புராணத்தில், நுபுவ்வத்துக் காண்டத்திலே, மானுக்குப் பிணைநின்ற படலம் என ஒன்றுண்டு. வேடன் வலையிற் சிக்கிய பெண்மான், தன் கன்றுக்குப் பாலூட்டி மீள விடைவேண்ட, நபிகள் நாயகம் அதற்குப் பிணையாக நிற்கின்றார். மான் சொற்படியே மீள்கின்றது. வேடன் மனம் மாறுகின்றான். சீறா ஓதப்பட்ட ஊர்களிலெல்லாம் கேட்போர் கண்கலங்கிய கதை இது. பிணை என்னும் சொல் தமிழில் ஈட்டையும் பெண்மானையும் ஒருங்கே குறித்தல் புலவர்க்கு வாய்த்த பேறு. ஆனால் அரபு மரபிற் கதையிலுள்ள விலங்கு 'ழப்யா', அஃதாவது பாலைநிலத்துச் சிறு இரலையின் பெண். தமிழ்க் கேள்வியர்க்கு அது பொத்துவிற் காட்டுப் புள்ளிமானாகவே உருக்கொண்டது. உமறு அரபுநாட்டைத் தமிழ்நிலமாகப் பாடியவராதலின், இவ்வுருமாற்றத்திற்கு அவரும் உடந்தை.

மதுரசாக்களிற் பயின்றோர்க்கு வேறொரு மயக்கம் நேர்ந்தது. இக்கரையார் ஷாபி மத்ஹபினர். அம்மரபின் பெருநூலாகிய மின்ஹாஜை இயற்றிய இமாம் நவவி (1233–1277) உண்ணத்தகும் விலங்குகளைத் தொகுக்குமிடத்து 'பகறுல் வஹ்ஷ்' என ஒன்றைக் கூறுகின்றார். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அது 'காட்டு மாடு'. ஆகவே தமிழில் உரைகேட்ட மாணவன் குறியில்லாத காட்டெருமையை நினைப்பது இயல்பு. அரபுமொழியிலோ அத்தொடர் பெரும்பாலும் வெண்ணிறமும் நெடிய நேர்க்கொம்புகளும் உடைய பாலைநிலப் பேரிரலையைச் சுட்டும். அதன் கண்ணழகை அரபுக் கவிஞர் மகளிர் கண்ணுக்கு உவமையாக்கினர்; நம் புலவர்க்கு மான்விழி எவ்வாறோ அவ்வாறு. கெய்ரோவில் வாழ்ந்த ஷாபி சட்ட அறிஞர் தமீரி (1341–1405), விலங்குகளின் வாழ்வு என்னும் பேரகராதியில் ஒவ்வொரு விலங்கையும் அகரவரிசைப்படுத்தி, இயல்பும் சட்டநிலையும் பழமொழியும் மருந்தும் ஒருங்கே தந்தார். ஹஜ்ஜுக் கடமையின் இஹ்றாம் நிலையில் வேட்டைவிலங்கைக் கொன்றவர் அதற்கு நிகரான வளர்ப்பு விலங்கை ஈடாகக் கொடுக்க வேண்டும் என்பது திருக்குர்ஆன் விதி. எதற்கு எது நிகர் என ஆராய்ந்த சட்ட அறிஞர், காட்டு மாட்டிற்குப் பசுவும், சிறு இரலைக்கு வெள்ளாடும், தீக்கோழிக்கு ஒட்டகமும் என வகுத்தனர். சமயக் கடமை விலங்குகளை அருகிருந்து ஒப்புநோக்கச் செய்தது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டா. அவர்கள் கண்ட ஒப்புமை உண்மையான உறவையும் தொட்டது. இரலையினங்கள் மாட்டோடும் ஆட்டோடும் ஒரே குடும்பத்தவையென இக்கால விலங்குநூலும் கூறுகின்றது.

இத்தகைய ஒப்புநோக்கு நம் தொல்காப்பியத்திலும் உண்டு. அதிலேதான் நம் மரை மறைந்துகிடக்கின்றது. மரபியல் பெண்பாற் பெயர்களை வகுக்குமிடத்து, புல்வாய், நவ்வி, உழை முதலியவற்றிற்குப் பிணை என்றும், பெற்றம், எருமை, மரை ஆகிய மூன்றிற்கும் ஆ என்றும் கூறுகின்றது. புல்வாய் என்பது இரலை. அதன் ஆணையே இரலை, கலை எனக் கூறுவது மரபு. நிகண்டு நூலார் ஊதுகொம்பிற்கும் இரலை என்று பெயர் தந்தனர். உள்ளே வெளியான கொம்பே ஊதத்தகும் என்பதை முன்னர்க் கூறியவற்றோடு பொருத்திக் காண்க. மரையோ மானோடு எண்ணப்படாமல் மாட்டோடும் எருமையோடும் எண்ணப்படுகின்றது. சங்கப் பாடல்களிலும் மரையா என்றே வருகின்றது. அதன் பாலைக் கறந்தமை புறநானூற்றிற் கூறப்படுகின்றது. நெல்லிக்கனி தின்பது அதன் இயல்பாகச் சொல்லப்படுகின்றது.

இதுகொண்டு சங்ககால மரை மானினமே அன்று, மாட்டுத்தோற்றமுடைய நீலகாய் என்னும் பேரிரலையே அது என்று கருதுவாரும் உளர். கருத்துப் புறக்கணிக்கத்தக்கதன்று. நீலகாய் மாட்டுக் குடும்பத்தது, பெண்ணுக்குக் கொம்பில்லை, பசுவின் உயரமுடையது. ஆயின் கீழ்கரையார் வாயில் மரை என்பது ஐயத்துக்கிடமின்றிக் கிளைக்கொம்புடைய பெருமானையே குறிக்கின்றது. கல்முனை முஸ்லிமும் காரைதீவுத் தமிழரும் வன்னி வேளாளரும் இதில் வேறுபடார். வவுனியாப் பகுதியில் மரையடித்தகுளம் என்றே ஓர் ஊருண்டு. தமிழகத்தில் இவ்விலங்கைக் கடமான் என்றும், தென்கோடியில் மிளா என்றும் வழங்குவர்; மரை என்னும் சொல் அங்கே பெரும்பாலும் ஏட்டுச்சொல். ஈழத்திலோ அது நாட்சொல்.

நீலகாய் இல்லாத நாட்டுக்கு வந்தோர், அதன் பெயரை வேறொன்றிற்கு இட்டனர் எனலாமோ? ஆங்கிலேயர் எல்க் என்னும் பெயரை அவ்வாறே இட்டனர் அல்லரோ எனின், ஒவ்வாது. ஆங்கிலேயர் இவ்விலங்கை முன்பு கண்டிலர். ஆகவே பெயர் கடன்கொண்டனர். தமிழகத்துக் காடுகளிலோ இப்பெருமான் அன்றும் இன்றும் நிறைந்துள்ளது. அதற்குரிய பெயரோடு வந்தோர்க்கு வேறு விலங்கின் பெயரை அதற்கு ஏற்றவேண்டிய தேவை இல்லை.

அற்றேல் தொல்காப்பியர் அதனை ஏன் மாட்டோடு வைத்தார்? பெண்பாற் பெயர் கூறும் சூத்திரம் அது என்பதை மறவாதிருத்தல் வேண்டும். பெண்மரைக்குக் கொம்பில்லை. புள்ளியுமில்லை. கபிலநிறமும் அகன்ற காதும் கனத்த உடலும் கொண்டு நீர்க்கரையில் நிற்கும் பெண்மரையை லகுகலைப் பக்கத்து வில்லுகளில் மாலைப்போதில் எட்ட நின்று காண்பவர், முதலில் அதனை மாடென்றே கொள்வர். எமக்கே அவ்வாறு நேர்ந்ததுண்டு. அண்டை மொழியும் இதற்குச் சான்று பகர்கின்றது. சிங்களத்தில் மரைக்குக் 'கோனா' என்று பெயர். அது பசுவின் காதுடையது என்னும் பொருளுள்ள கோகர்ண என்னும் வடசொல்லின் வழிவந்தது என மொழிநூலார் காட்டுவர். ஒரே காட்டை இரு புறத்திருந்தும் பார்த்த இரு மக்களும் இவ்விலங்கிற் பசுவைக் கண்டனர். தொல்காப்பியர் கண்டதும் அதுவே என்பது எம் துணிபு. பால் கறந்த செய்தி ஒன்றே இடர்தருவது. அதற்குப் புலவர் வளம்பாட மேற்கொண்ட உயர்வுநவிற்சி என்பதன்றி வேறு விடை எம்மிடம் இல்லை.

இவ்வழக்கு தமிழர்க்கு மாத்திரம் உரியதன்று என்பது வியப்பு. அரிஸ்டோட்டில் ஆரக்கோசியா நாட்டில், அஃதாவது இன்றைய ஆப்கானித்தானின் தென்பகுதியில், குதிரைமான் என ஒரு விலங்கு இருப்பதாகக் குறித்தார். 1823இற் பிரெஞ்சு விலங்குநூலார் கூவியே, அது இந்தியப் பெருமானே எனக் கருதி, நம் மரைக்கு அரிஸ்டோட்டிலின் பெயரையே அறிவியற் பெயராகச் சூட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை பற்றி எழுதிய எமேர்சன் தெனன்ற் முதலியோர் அப்பெயரையே வழங்கினர். பின்வந்தோர் பலர், அரிஸ்டோட்டில் கூறிய தாடியும் கிளையாக் கொம்பும் நீலகாயையே சுட்டுவன என்று மறுத்தனர், அப்பெயரும் வழக்கிழந்தது. மரையோ நீலகாயோ என்னும் அதே வினா, கிரேக்க ஏட்டில் நீலகாயின் பக்கம் சாய்ந்தது. தமிழ் ஏட்டில் மரையின் பக்கம் சாய்கின்றது. அங்கே சான்று கூறுதற்கு அந்நாட்டு வாய்மொழி எஞ்சவில்லை. இங்கே எஞ்சியுள்ளது.

எஞ்சியுள்ளது என்பதும் இனி எத்துணைக் காலத்திற்கோ அறியோம். 1962இல் எப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம் போன்ற நூல்கள் குடியையும் கோயிலையும் காத்தன. மானையும் மரையையும் காக்க ஒரு மான்மியம் எழுந்திலது. கரையூர் மாணவர் சிலரிடம் கடமான் எது, மரை எது என யாம் வினவியபோது, முன்னதைப் படத்திற் பார்த்ததாகவும் பின்னதைப் பாட்டன் கூறக் கேட்டதாகவும் கூறினர். இரண்டும் ஒன்றே என்றதும் நம்ப மறுத்தனர். இரலையினங்களைக் காண அவர்கள் தெகிவளை விலங்குச்சாலைக்குச் செல்லவேண்டும். 1936இல் அரசாங்கம் பொறுப்பேற்ற அச்சாலை, ஹாகன்பெக் என்னும் செருமானிய விலங்கு வணிகரின் தொகுதியிலிருந்து தோன்றியது. மரையைக் காண அத்துணைத் தொலை செல்லவேண்டா. 1980இல் தேசிய வனமாக்கப்பட்ட லகுகலை, பொத்துவிலுக்கு அருகே மொனறாகலை வீதியோரத்தில் உள்ளது. அங்குள்ள குளக்கரைக்கு வெயில் தாழ்ந்தபின் செல்க. யானைகளுக்குப் பின்னே, புல்லுள் நின்று காதை முன்னே திருப்பி நோக்கும் கபிலநிற விலங்கைக் கண்டால், அதன் தலையில் கொம்பு உளதோ இலதோ என்பதை முதலில் நோக்குக.